கடைசிப் பாகத்தின் மேல் வரும் கோபம்

பல பாகங்களாக வந்த ஒரு கதையின் கடைசிப் பக்கத்தை முடித்துப் புத்தகத்தைக் கீழே வைக்கும் வாசகர் முதலில் சொல்வது பெரும்பாலும் நன்றியாக இருப்பதில்லை. "இப்படியா முடிப்பது?" என்கிற குறைதான் முந்திக்கொண்டு வருகிறது. 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கி 1954 மே வரை வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வ'னுக்கும் இதுதான் நேர்ந்தது. ஐந்தாம் பாகமான 'தியாகச் சிகரம்' மணிமேகலையின் மரணத்தோடு நின்றதும், திடுதிப்பென்று முடித்துவிட்டதாக வாசகர்கள் குறைபட்டார்கள். குந்தவையின் திருமணம் என்ன ஆயிற்று, நந்தினி எங்கே போனாள் என்றெல்லாம் கேட்டார்கள். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லவேண்டி வந்தது. மூன்றரை வருஷம் ஒரு மனிதர் வாரம் தவறாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டவர்கள் கடைசி வாரத்தில் அவரிடமே கணக்குக் கேட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கோபம் உண்மையில் யார் மேல் என்று பார்க்க வேண்டும்.

என் எண்ணம் இது: கடைசிப் பாகத்தை மூடிய கையோடு நாம் சொல்லும் தீர்ப்பு விமர்சனமே அல்ல; பிரிவாற்றாமை விமர்சனத்தின் வேஷம் கட்டி வருகிறது. இதற்கு நல்ல சாட்சி, நேர் எதிராக முடிந்த கதைகளுக்கும் இதே வரவேற்பு கிடைத்திருப்பதுதான். 2007 ஜூலையில் வெளிவந்த ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாம் புத்தகத்தில் ரோலிங் எதையும் தொங்கலில் விடவில்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய ஒரு காட்சியைக் கடைசியில் வைத்து, யார் யாரை மணந்தார்கள், பிள்ளைகளுக்கு என்ன பெயர் என்பது வரை சொல்லிவிட்டார். அங்கே எழுந்த குறை, எல்லாவற்றையும் ஏன் சொன்னார் என்பது; எங்கள் கற்பனைக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையே என்று பலர் அலுத்துக்கொண்டார்கள். சொல்லாமல் விட்டாலும் குற்றம், சொன்னாலும் குற்றம் என்றால், குறை முடித்த விதத்தில் மட்டும் இருக்க முடியாது. முடிந்ததே குறை. நல்லது ஒன்று தானாக முடியும்போது நமக்கு ஒரு குற்றவாளி தேவைப்படுகிறான். கதை விஷயத்தில் அவன் பெயர் அட்டையிலேயே அச்சாகியிருப்பது வசதி.

வாரத் தொடர்களின் காலத்தில் இந்த ஆற்றாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதழிலிருந்து அத்தியாயங்களைக் கிழித்தெடுத்துச் சேர்த்து பைண்டு செய்த பழைய தொகுப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மணியத்தின் ஓவியம், தாளின் மறுபக்கத்தில் சம்பந்தமில்லாத ஒரு விளம்பரம், சில இடங்களில் வேறொரு கட்டுரையின் வால். ஒவ்வொரு வாரப் பகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏழு நாள் இருந்திருக்கிறது. அந்த ஏழு நாளும் வாசகர் சும்மா இருக்கவில்லை. இளவரசன் ஆதித்த கரிகாலன் கடம்பூருக்குப் போவானா, நந்தினி யார் மகள் என்று வீட்டிலும் ஆபீஸிலும் வாதாடி, தமக்கென்று ஒரு கதையை மனத்துக்குள் எழுதிக்கொண்டே வந்தார். ஆசிரியரின் கடைசி அத்தியாயம் அத்தனை கதைகளையும் ஒரே நாளில் அடித்துவிட்டது.

அப்படியானால் மோசமான முடிவு என்று ஒன்று கிடையவே கிடையாதா, எழுத்தாளர் எப்படி முடித்தாலும் வாசகர்தான் பழியைச் சுமக்க வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மோசமான முடிவுகள் உண்டு. முன் பாகங்கள் கட்டியதைக் கடைசிப் பாகம் தானே இடித்தால் அது மோசமான முடிவு. இந்த அளவுகோலை வைத்தே பொன்னியின் செல்வனைப் பார்ப்போம். கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி மூட்டமாகவே விட்டது நழுவல் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வால்நட்சத்திரம், வீரபாண்டியனைக் கொன்ற நினைவு அவனை விடாமல் அரிப்பது, எச்சரிக்கைகளை மீறி அவன் கடம்பூருக்குக் கிளம்புவது என்று சாவை நோக்கி அவனே நடப்பதைத்தான் கதை ஆரம்பத்திலிருந்து காட்டுகிறது. வாள் யார் கையில் இருந்தது என்பது அதற்கு அடுத்த கேள்வி. வரலாற்றிலும், உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாஸன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறித்தும், அந்தக் கொலையின் பின்னணி பற்றி ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. சேந்தன் அமுதனே உத்தம சோழன் என்று தெரியவரும் விஷயத்தில் மட்டும் குறை சொல்பவர்கள் பக்கம் நிற்கிறேன். அப்படி ஒருவன் தேவைப்பட்ட நேரத்தில் நந்தவனத்துப் பிள்ளை சரியாகக் கைக்கு அகப்பட்டது கொஞ்சம் அதிக வசதிதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்றம், அருள்மொழியை ராஜராஜனாகக் காட்டாமல் கதை நின்றது. ஆனால் அவர் அரியணை ஏறியது 985இல். கதையோ அவர் மகுடத்தைச் சிற்றப்பன் உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுப்பதில் உச்சம் கொள்கிறது. பட்டாபிஷேகத்தையும் காட்டியிருந்தால் அந்தத் தியாகம் வெறும் தாமதமாகச் சுருங்கியிருக்கும். விட்டுக்கொடுத்தவனைக் கொண்டாடும் வாசகர், அவன் முடிசூடும் காட்சியைத் தாம் விட்டுக்கொடுக்க மட்டும் மறுக்கிறார்.

வாசகர் கேட்கிறார் என்றால் தொடர்ந்தால்தான் என்ன? கானன் டாயில் தொடர்ந்து பார்த்தார். 1893இல் அருவியில் தள்ளிய ஷெர்லாக் ஹோம்ஸை, வாசகர்களின் நச்சரிப்பு ஓயாததால் 1903இல் உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். அதனால் சில நல்ல கதைகள் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் 1927 வரை இழுத்ததில் ஹோம்ஸின் கடைசிக் கதை எது என்று இன்று எத்தனை ரசிகர்களால் சட்டென்று சொல்ல முடியும்? அருவியை மட்டும் யாரும் மறக்கவில்லை. கல்கியின் பாத்திரங்களையும் பிறர் எடுத்துத் தொடர்ந்தார்கள். விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' ஓர் உதாரணம். அவற்றைப் படிப்பதில் தவறில்லை, ஆனால் கல்கியிடம் விட்ட குறையை அவற்றில் தேடாதீர்கள். பொன்னியின் செல்வன் முடிந்த அந்த 1954 மே மாதத்துக்குப் பின் கல்கி ஏழு மாதம்கூட இருக்கவில்லை. டிசம்பர் 5 அன்று காலமானார். அப்போது கையில் இருந்த 'அமரதாரா'வை அவர் மகள் ஆனந்திதான் முடித்துவைத்தார்.