பிறவி நடையும் பழக்கிய நடையும்

குதிரையின் ஓட்டத்தைக் கதி என வழங்கி, அதனை ஐந்தாக வகுத்துரைத்தனர் நம் முன்னோர். மேலைநாட்டார் வகுப்பு வேறு. டிராட் என்னும் ஓட்டத்தில் வல முன்காலும் இடப் பின்காலும் இணைந்தெழும். சில குதிரைகளோ ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டையும் ஒருசேர எடுத்து வைக்கும், அதுவே பேஸ். இராசத்தானத்து மார்வாரிப் புரவியின் ரேவால் நடையும் இதற்கு உறவுடையதே. ஏறியிருப்பவன் உடல் குலுங்காமையால் அந்நடையை ஆங்குப் போற்றுகின்றனர்.

பேஸ் நடையுடைய இளங்குதிரையை டிராட்டுக்கும் கேண்டருக்கும் மாற்றிப் பழக்குதல் முறையாகுமா? பிறவிக் குணத்தின்மேல் கை வைப்பது கொடுமை என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. டி.எம்.ஆர்.டி.3 என்னும் மரபணுவின் ஒரு மாற்றமே இந்நடைக்கு வழிகோலுகிறது என 2012ஆம் ஆண்டில் அறிஞர் கண்டறிந்தனர். ஆயின் அமெரிக்கப் பந்தயக் குதிரைகளுள் டிராட் ஓடுவனவும் பெரும்பாலும் அதே மாற்றத்தை உடையனவே! குருதி வாயிலைத் திறந்து வைக்கிறது. எவ்வழிச் செல்வது என்பதைப் பழக்கமும் முடிவு செய்கிறது. பேஸ் பந்தயத்திலோ, நடை பிறழாதிருக்க ஒரு பக்கத்து முன்காலையும் பின்காலையும் வாரால் பிணைப்பதும் உண்டு. இதனையும் இயற்கை என்போமா?

பந்தயம் விட்ட குதிரைக்கு வேறு வேலை வேண்டும். ஒருபக்கமாகவே சாயும் உடல் வளைவுகளில் தடுமாறும். கேண்டருக்கு எழ அதற்கு வருந்தும். ஏறிச் செல்ல உதவாத குதிரையை நெடுநாள் வைத்துப் பேணுவார் சிலரே. ஆகவே, இப்பயிற்சி குதிரையின் நன்மைக்கும் உரியது என்றே கருதுகிறோம்.

முறைதான் கேள்வி. அஞ்சி முதுகை இறுக்கிய குதிரை பேஸுக்கே திரும்பும். எனவே முதற்கண் நிதானமான நடை. கழுத்து தாழ்ந்து, முதுகு தளர வேண்டும். பின்னர்த் தரையில் கிடத்திய கழிகளைத் தாண்டச் செய்வர். கழிக்குக் காலை உயர்த்துங்கால் ஒருபக்கத் தாளம் உடைந்து, குறுக்குக் கால்கள் இணைகின்றன. இரண்டே அடி டிராட் கிடைத்தாலும் அன்றைக்கு அது போதும். உடனே தட்டிக்கொடுத்து ஓய்வளிப்பர். மெல்லிய ஏற்றத்தில் கேண்டர் எளிதாக எழும், பின்கால்கள் உடலைத் தாங்கக் கற்பதால். மாதங்கள் ஆகலாம். கடிவாளத்தை இழுத்து ஒரே வாரத்தில் முடிப்பவரும் உளர். அவர் பெறுவது இறுகிய முதுகே.

தொட்டிற் பழக்கம் என்பார்களே, அது இங்கும் உண்டு. நன்கு பழகிய பின்னரும் களைப்பிலோ அச்சத்திலோ அக்குதிரை பழைய நடைக்குத் திரும்பும். அப்போது சவுக்கை ஓங்காமல், மீண்டும் நடைக்குக் கொணர்ந்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்து, அதே கழிகளின்மேல் செலுத்துவர்.