ஹைளு வேதனையும் நமது கடமையும்

இதை உங்கள் வீட்டுப் பெண்மக்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஹஜ்ஜுப் பயணத்தில் ஸரிஃப் எனுமிடத்தில் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களுக்கு ஹைளு ஏற்பட்டது. அழுதவர்களை ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கடியவில்லை, ஒதுக்கவுமில்லை. இது ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது என ஆறுதல் கூறினார்கள்.

குர்ஆன் ஷரீஃப் (2:222) ஹைளை ஓர் உபாதை என்கிறது. அந்நாட்களின் தொழுகையை அல்லாஹ் மன்னித்தான், களாவும் கேட்கவில்லை. படைத்தவனே சலுகை தந்த நாளில், சுருண்டு கிடக்கும் மகளை நாம் அடுப்படிக்கு விரட்டலாமா?

தமிழகத்து ஆடை ஆலைகளில் சுமார் 100 பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை பேசி, 2019இல் ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலிக்கு வேலையிடத்தில் பெயரே இல்லாத மாத்திரைகள் தரப்பட்டதாம்! கோவை, திருப்பூர்ப் பக்கம் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் பிள்ளைகளை அனுப்பும் நமக்கு இது எச்சரிக்கையல்லவா?

கருப்பை இறுகிச் சுருங்குவதால் வலி வருகிறது. வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்ற மாத்திரைகளை உணவுக்குப்பின், அளவோடு சாப்பிடலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மாதாமாதம் வலி கூடினாலும், உதிரம் மிகுந்தாலும், ஹைளு இல்லாத நாளிலும் அடிவயிறு வலித்தாலும் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். “நிக்காஹ் ஆனால் சரியாகிவிடும்” என்று தள்ளிப்போடாதீர்கள். கருப்பைக்கு வெளியே திசு வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயாகவும் அது இருக்கலாம்.

மருந்தின்றி எந்நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்பது நபிமொழி. வலியைச் சொல்வது வெட்கமல்ல. கேட்டும் கேளாதிருப்பதே வெட்கம். நம் பெண்மக்களுக்கு அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.