பழுதை மறைத்து விற்பது

நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள்.

ஈரத் தானியத்தால் போவது பணம்தான். 1998-ல் டில்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்ததால், உடல் வீங்கி 60-க்கு மேற்பட்டோர் இறந்தனர்!

பொதுவழியில் அத்துமீறிக் குழி தோண்டியவர், விழுந்தவருக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டம். பழுதான பொருளால் காயப்பட்டவருக்கு நஷ்டஈடு உண்டென 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கூறுகிறது. நாமோ ஒழுகும் ஸ்டவ்வைத் துடைத்து விற்றுவிட்டு, லுஹருக்கு முதல் ஸஃப்பில் நிற்கிறோம்.

விற்றாயிற்றே, இனி என்ன செய்வது? வாங்கியவர் வீட்டைத் தேடிப்போய்ப் பழுதைச் சொல்லவேண்டும். அவர் விரும்பினால் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிரயத்தைக் கொடுத்துவிடவேண்டும்.