சிறிய ஊருக்குக் குடிபெயரும் முன்

 

2020-க்குப் பிறகு நம் பிள்ளைகள் பலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "ஹஸ்ரத், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மண்ணடியில் இவ்வளவு வாடகை கொடுத்து எதற்கு இருக்க வேண்டும்? ஆம்பூர், அதிராம்பட்டினம் மாதிரி ஓர் ஊருக்குப் போய்விடலாமா?"

தாராளமாகப் போகலாம். தன் பூமி விசாலமானது என்று அல்லாஹ் குர்ஆனில் நினைவூட்டுகிறான். வாடகை குறைய வேண்டும் என்று நினைப்பதில் குற்றமும் இல்லை. ஆனால் இவர்கள் வாடகைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், பள்ளிக்கூடக் கட்டணம் விசாரித்திருக்கிறார்கள், இன்டர்நெட் எப்படி இருக்கும் என்றுகூடக் கேட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே போய் இறங்கியதும் அந்த ஊர்க்காரர்களுக்கு நம் மீது என்னென்ன ஹக்குகள் உண்டாகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பெருநகரத்தில் மனிதன் மறைந்து வாழ முடியும். மூன்றாவது மாடியில் ஒரு மவ்த் நடந்தால், வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போதுதான் முதல் மாடிக்குத் தெரியும். அண்டை வீட்டாரின் ஹக்கை விட்டுவிட்டோம் என்று அங்கே நம்மைக் கேட்க ஆளில்லை. சிறிய ஊரில் அது நடக்காது. இரண்டாம் நாளே டீக்கடையில் "நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்கள். சுபுஹு தொழுகைக்கு வரவில்லை என்றால் தெரிந்துவிடும். கடனை இழுத்தடித்தால் அதுவும் தெரிந்துவிடும். இதைத் தாங்க மனம் தயாரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அமைதி வேண்டும் என்று போகிற பலருக்கு, அங்கே கிடைக்கிற இந்த உறவே ஒரு தொந்தரவாகத் தெரிகிறது.

கி.பி. 622-இல் முஹாஜிர்கள் போனதும் அவர்களுக்குப் பழக்கமில்லாத ஓர் ஊருக்குத்தான். மக்கா வியாபாரிகளின் ஊர். யஸ்ரிப் பேரீச்சந்தோட்டங்களின் ஊர். தொழில் வேறு, பழக்கம் வேறு, தண்ணீரும் காற்றும் வேறு. போன புதிதில் அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) போன்றவர்களே காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். பிலால் (ரலி) மக்காவில் முளைக்கும் புல்லைக்கூட நினைத்து ஏங்கினார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தை ஈமானின் குறை என்று கண்டிக்கவில்லை. மக்காவைப் போல மதீனாவையும் எங்களுக்குப் பிரியமாக்கு, அதைவிட அதிகமாகவே ஆக்கு என்று அல்லாஹ்விடம் துஆ செய்தார்கள். ஆக, போன முதல் ஆறு மாதம் மனம் ஒட்டவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சஹாபாக்களுக்கே அப்படித்தான் இருந்தது.

நபியவர்கள் வந்து சேர்ந்ததும் மக்களிடம் முதலில் சொன்னவற்றை அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) நினைவில் வைத்து அறிவித்தார்கள்: ஸலாமைப் பரப்புவது, உணவளிப்பது, மக்கள் உறங்கும் இரவில் தொழுவது. புதிய ஊரில் கால் வைக்கிறவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அடுத்து, நிலம். மஸ்ஜிதுன் நபவீ கட்டிய இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. அன்பளிப்பாகவே தருகிறோம் என்றார்கள். நபியவர்கள் அப்படி வாங்க மறுத்து, விலை கொடுத்தே வாங்கினார்கள். நம் காலத்தில் இதன் மறுபக்கத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன். நகரத்துச் சம்பளத்தோடு, வளைகுடாப் பணத்தோடு போகிறவர் புரோக்கர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கிறார். அவருக்கு அது சென்னை விலையில் கால்வாசி. அடுத்த மாதமே தெரு முழுக்க அதுதான் விலை. கடையில் நின்று சம்பாதிக்கிற உள்ளூர் இளைஞன் தன் வாப்பா வாழ்ந்த தெருவிலேயே இரண்டு சென்ட் வாங்க முடியாமல் போகிறான். இதை ஹராம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த இளைஞன் நாளை ஸஃப்பில் நம் பக்கத்தில்தான் நிற்பான். உள்ளூர் விலையை நான்கு பேரிடம் கேட்டு, அந்த விலைக்கு வாங்குங்கள். ஐந்து மனை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள்.

பிறகு, நாவு. மதீனாவாசிகள் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தச் சேர்க்கை செய்வதைக் கண்ட நபியவர்கள், அது பயன் தரும் என்று தாம் நினைக்கவில்லை என்றார்கள். அவர்கள் விட்டுவிட்டார்கள், காய்ப்பு குறைந்தது. அப்போது, உலகக் காரியங்களில் உங்கள் விஷயத்தை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்று நபியவர்கள் சொல்லிவிட்டார்கள். வஹீ இறங்கிய நபியே உள்ளூர் விவசாயிக்கு அந்த இடத்தைக் கொடுத்தார்கள் என்றால் நாம் எம்மாத்திரம்? போன மூன்றாம் வாரமே "எங்க சென்னையிலே இப்படி இல்லை" என்று ஆரம்பிக்கிறவரை எந்த ஊரும் விரும்பாது.

மார்க்க விஷயத்தில் இது இன்னும் கூர்மை. சென்னையில் ஹனஃபி பள்ளியில் தொழுது பழகியவர் காயல்பட்டினம் போனால், சுபுஹு தொழுகையில் குனூத் கேட்பார். அஸருக்கு முன்னதாகவே பாங்கு சொல்வார்கள். அது ஷாஃபியி மத்ஹப் ஊர். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் போனால் பல பள்ளிகளில் பயான் உருதுவில் இருக்கும். இதெல்லாம் சண்டைக்குரிய விஷயங்களே அல்ல. ஆனால் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் கிளப்பிய வாக்குவாதத்தில் ஒரே பள்ளி இரண்டான கதை நம் சமூகத்தில் குறைவா?

நகரத்துப் பாவங்களிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் போகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல நிய்யத். ஆனாலும் சிறிய ஊரில் பாவம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே அது வேறு வடிவில் வரும்: புறம், கோள், அடுத்த வீட்டுக் குமரைப் பற்றிய பேச்சு. நீங்கள் திண்ணையில் உட்கார்ந்த முதல் நாளே அந்தப் பேச்சு உங்கள் முன்னால் வைக்கப்படும்.

பிழைப்பு விஷயத்தில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களைப் பாருங்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைக் கொடுக்க முன்வந்தார்கள். இவர்களோ துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று கேட்டார்கள். கைனுகா சந்தைக்குப் போய், பாலாடைக்கட்டியும் நெய்யும் லாபமாகக் கொண்டு திரும்பினார்கள். ஊர் நம்மைத் தாங்கும் என்று போகாதீர்கள். கம்பெனி நாளை திரும்ப அழைத்தால் என்ன செய்வது, அந்த ஊரிலேயே செய்ய ஒரு தொழில் உண்டா என்பதை இப்போதே யோசியுங்கள்.

ஜமாஅத்தில் பெயர் பதிவதைப் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். சந்தா சிறு தொகைதான். நிகாஹ் பதிவேடும் கபரஸ்தானும் பல ஊர்களில் ஜமாஅத்தின் பொறுப்பில் இருக்கின்றன. மய்யித்தை வீட்டில் வைத்துக்கொண்டு உறுப்பினராவது பற்றிப் பேசும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வாரம் அந்த மஹல்லாவில் தங்கி, ஐந்து வேளையும் அந்தப் பள்ளியில் தொழுது பாருங்கள். வெயில் காலத்தில் போங்கள்; தண்ணீர் எப்படி வருகிறது என்று அப்போதுதான் தெரியும். இரவு பன்னிரண்டு மணிக்கு உம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் எங்கே கொண்டுபோவது, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டு வையுங்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள். நீங்கள் லேப்டாப்பைத் திறந்தால் பழைய அலுவலகம் அப்படியே இருக்கும். அவர்களோ தாய் வீட்டையும் தோழியரையும் விட்டு வருகிறவர்கள், பகல் முழுவதும் அந்தத் தெருவில் வாழப்போகிறவர்கள். அவர்கள் வேண்டாம் என்றால், உடனே பதில் சொல்லாமல் காரணத்தைக் கேளுங்கள்.