என்ன கன்னு?

பால் மறத்துப்போன மாட்டுக்கு அம்மா திடீரென்று தீவனத்தைக் கூட்டினால், இன்னும் இரண்டு மாதத்தில் கன்று என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். நான் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறேன். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து இறங்கும்போது அம்மா தொழுவத்தில் தவிடும் புண்ணாக்கும் பிசைந்துகொண்டிருப்பாள். ராகித் தாள் ஒரு பக்கம், பச்சைப்புல் ஒரு பக்கம். ஒருமுறை கேட்டேன்: "கறக்காத மாட்டுக்கு எதுக்கும்மா இவ்ளோ?"

"செனை மாட்டுக்குக் கணக்குப் பாக்கக் கூடாதுடா. ரெண்டு உசுரு."

அந்தப் பதில் எனக்கு ரொம்ப நாள் பிடித்திருந்தது. அம்மா சரியாகத்தான் செய்கிறாள் என்று கால்நடை மருத்துவமும் சொல்கிறது. மாட்டின் சினைக்காலம் சுமார் 280 நாள். அதில் கடைசி 60 நாள் கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு தர வேண்டும். வயிற்றிலிருக்கும் கன்று பெரும்பகுதி வளர்வது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அதனால் வழக்கமான தீனிக்கு மேல் ஒன்று முதல் ஒன்றரை கிலோ அடர்தீவனம், கொஞ்சம் தாது உப்பு. அளவு மீறினாலும் ஆபத்து, கன்று பெருத்து ஈனும்போது சிக்கிக்கொள்ளும். குறைத்தால் கன்று தாயின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஈன்ற மாடு எலும்பும் தோலுமாக நிற்கும்.

இந்த அறுபது நாளில் மாடு நமக்கு ஒரு சொட்டும் தருவதில்லை. நாம்தான் கொடுக்கிறோம். இது அன்பா, முதலீடா? கல்லூரியில் படிக்கும்போது முதலீடு என்று சொல்லியிருப்பேன். இப்போது அந்தக் கேள்வியே சின்னதாகத் தெரிகிறது. லாபத்தை மனதில் வைத்துக்கொண்டு அம்மா தடவிக் கொடுத்தாலும் மாட்டுக்கு அந்தத் தடவல் தடவல்தான். என்னைத் தொந்தரவு செய்வது வேறு.

கன்று விழுந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி: "என்ன கன்னு?"

கடேரி என்றால் குரல் ஏறும். காளை என்றால், "சரி, மாடு நல்லாருக்குதா?" என்று பேச்சு தாய்க்குத் தாவிவிடும். அந்த ஒரு நொடியில் ஏதோ ஒன்று முடிந்துபோகிறது.

ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1971இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் ஒரு கற்பனைச் சோதனை உண்டு. ஒரு சமூகத்துக்கான விதிகளை எழுத உட்கார்கிறீர்கள். அதில் நீங்கள் ஆணா பெண்ணா, ஏழையா பணக்காரரா, என்ன திறமையோடு பிறப்பீர்கள் என்று எதுவும் உங்களுக்குத் தெரியாது. கண்முன் ஓர் அறியாமைத் திரை. அப்போது நீங்கள் எழுதும் விதிதான் நியாயமானது என்கிறார். ரால்ஸ் பேசியது மனிதர்களைப் பற்றி. ஆனால் அந்தத் திரையை நான் எங்கள் தொழுவத்தில் பார்த்திருக்கிறேன். மாட்டின் வயிறுதான் அது. உள்ளே இருப்பது எது என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரியாததால் இரண்டுக்கும் ஒரே தீனி. எங்கள் வீட்டில் ஒரு காளைக்கன்று முழு நீதியோடு வாழ்ந்த காலம், அது பிறப்பதற்கு முந்தைய இரண்டு மாதம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு காளை பிறந்தது. கலப்பின மாடு, கறுப்பு வெள்ளைக் கன்று. மனிதக் குழந்தைபோல கன்றுக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றுக்குள் கிடைப்பதில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலில்தான் அது வருகிறது. அறுபது நாள் வைத்த தீவனம் திரண்டு வருவது அந்தப் பாலில். நாங்கள் கன்றைக் கொஞ்சம் குடிக்கவிட்டோம். மீதியை வெல்லம் போட்டுக் காய்ச்சினோம். எங்கள் தெருவில் அதைத் தெலுங்கு வீடுகளில் ஜுன்னு என்பார்கள், கன்னட வீடுகளில் கின்னு. மூன்று மொழி வீடுகளுக்கும் கிண்ணம் போனது. பிறகு கன்றைக் காம்பில் விட்டு, பால் இறங்கியதும் இழுத்துக் கட்டினோம். இரண்டாவது வாரம் கழிச்சல் கண்டது. டாக்டரைக் கூப்பிடலாமா என்று நான் கேட்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் போனை எடுக்கவுமில்லை, நான் உட்பட. மாடு இரண்டு நாள் கத்தியது.

அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு கன்றுக்கு நாளைக்கு இரண்டு லிட்டர் என்றால் மூன்று மாதத்துக்கு 180 லிட்டர். லிட்டருக்கு 35 ரூபாய் வைத்தால் 6,300 ரூபாய். தீவனக் கடைப் பாக்கி இருக்கும் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. அந்தக் காளை வளர்ந்து என்ன செய்யும்? உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. சினைக்கு ஊசி வந்துவிட்டது. எங்கள் பக்கம் காளைக்கு மரியாதை இல்லாமல் இல்லை. 2023 பிப்ரவரியில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானது என்று கோபசந்திரத்தில் கூட்டம் திரண்டு பெங்களூரு நெடுஞ்சாலையையே மறித்தது. ஆனால் அந்த மரியாதை ஓடத் தெரிந்த நாட்டு மாட்டுக்கு. கலப்பினக் காளைக்கன்றுக்காக யாரும் சாலைக்கு வரமாட்டார்கள்.

இறைச்சிக்காக மாடு வளர்க்கும் நாடுகளிலும் சினை மாட்டுக்குக் கடைசி மாதங்களில் பார்த்துப் பார்த்துத் தீனி வைக்கிறார்கள். அங்கே காளைக்கன்றுக்கும் விலை உண்டு. அதனால் பிறந்த பிறகும் ஊட்டுகிறார்கள், ஒன்றரை வயதுவாக்கில் அறுக்கிறார்கள். அதே நாடுகளின் பால் பண்ணைகளில் காளைக்கன்று வேண்டாத கன்றுதான். இங்கே சட்டம் வேறு. தமிழ்நாட்டின் 1958 சட்டப்படி, பத்து வயது தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாடு என்று சான்று வேண்டும். பசுவையும் கடேரியையும் அறுக்க 1976இல் தடை வந்தது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகத்தின் 2020 சட்டம், 13 வயது கடந்த எருமை தவிர எதையும் விடுவதில்லை. அவர்கள் கொல்வதற்காக ஊட்டுகிறார்கள். நாம் கொல்லக் கூடாது என்பதால் ஊட்டாமல் விட்டுவிடுகிறோம். எது மேல் என்று என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. போதிய தீனி தராமல் விடுவதும் 1960 மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம்தான். அதற்காக ஒரு தொழுவத்துக்கும் போலீஸ் வந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணகிரி 2004இல் தர்மபுரியிலிருந்து பிரிந்த மாவட்டம். பெண் சிசுக்கொலைக்காக நாடு முழுக்கப் பேசப்பட்ட பகுதி இது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கேயும் வர வேண்டியிருந்தது. தொழுவத்தில் கடேரி வேண்டும், வீட்டில் பையன் வேண்டும். சீம்பாலும் தாய்ப்பாலும் யாருக்கு மறுக்கப்பட்டது என்பதுதான் மாறியது. கன்றும் குழந்தையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தெரிந்ததும் கையை இழுத்துக்கொள்ளும் பழக்கம் ஒன்று என்கிறேன். ஸ்கேன் சென்டர் சுவரில் தொங்கும் அறிவிப்புக்குப் பின்னால் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நம்மை நம்ப முடியாது என்று தெரிந்து அரசு அந்தத் திரையைக் கட்டி வைத்திருக்கிறது.

மாட்டுக்கு இப்போது திரை விலகிக்கொண்டிருக்கிறது. பாலினம் பிரித்த விந்து ஊசி போட்டால் பத்துக்கு ஒன்பது கன்று கடேரியாகப் பிறக்கும். அரசு மானியமும் உண்டு. பிறந்து பட்டினியில் சாவதைவிடப் பிறக்காமலிருப்பது மேல் என்ற வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பத்தாவது கன்று இனிமேல் 'தவறி' வந்த கன்றாகப் பிறக்கும். அதற்கு நாம் என்ன கொடுப்போம்?

இந்தச் சித்திரையில் எங்கள் மாடு மறுபடி ஈனும். போன வாரம் அம்மாவிடம் சொன்னேன்: "எந்தக் கன்னா இருந்தாலும் மூணு மாசத்துக்குப் பால் காசு நான் குடுத்துடறேன். வயிறு முட்ட ஊட்ட விடு." என் ஒரு மாத ஓவர்டைம் காசு அது. நாம் குடிக்கும் பாக்கெட் பாலின் விலையில் இந்தக் காசு சேரவில்லை. அதை இத்தனை நாளும் காளைக்கன்றுகள் கட்டிக்கொண்டிருந்தன.

அம்மா தொட்டியிலிருந்து கையை எடுக்காமலேயே கேட்டாள்: "சரி, மூணு மாசம் நீ குடுப்ப. அப்புறம்?"

எனக்குத் தெரியவில்லை. மாடு தலையைத் தூக்காமல் தின்றுகொண்டிருந்தது.