மணி கட்டப் போன கதை

ஓம் சரவணபவ.

தைப்பூசம் நெருங்குது, குரூப் முழுக்கப் பழநி பாதயாத்திரை போட்டோ. போன ஜனவரியில் நான் போனது வேற ஒரு முருகன் மலை. உத்தராகண்டில் ருத்ரபிரயாகையிலிருந்து போக்ரி போற ரோட்டில் சுமார் 40 கி.மீ. போனால் கனக்சௌரி. அங்கிருந்து 3 கி.மீ. நடை, கார்த்திக் ஸ்வாமி கோயில். உயரம் சுமார் 3050 மீட்டர்.

ஆபீஸில் புராஜெக்ட் முடிஞ்சு மூணு மாசம் பெஞ்ச்ல இருந்தேன். வேலை தப்பிச்சா அங்க வந்து மணி கட்டுறேன்னு வேண்டுதல். அந்தக் கோயிலில் மணி கட்டுறதுதான் வழக்கம். வேலை தப்பிச்சது. ஒரு பித்தளை மணி வாங்கிக்கிட்டு, ரூம்மேட்டையும் இழுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

கனக்சௌரி டீக்கடைத் தாத்தா எங்க காலைப் பார்த்தார். ஜீன்ஸ், ஸ்போர்ட்ஸ் ஷூ. "பேட்டா, மேல ஐஸ் இருக்கு, நாளைக்குப் போங்க" என்றார். நாளைக்கு ரிட்டர்ன் டிக்கெட். கேட்கலை.

காட்டுக்குள் நடக்கும்வரை ஆனந்தம்தான். மேலே போகப் போக முழங்கால் வரை பனி. ஜீன்ஸ் நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். கடைசியில் ஒரு குறுகலான முகடு, ரெண்டு பக்கமும் பள்ளம். அதுக்கு மேல செங்குத்தா படிகள். பகலில் உருகி ராத்திரி உறைஞ்ச பனி, படி மேல கண்ணாடி மாதிரி பிடிச்சிருந்தது. கோயில் கண்ணுக்குத் தெரியுது. காத்துல நூத்துக்கணக்கான மணிச் சத்தம்.

ரூம்மேட் பையைத் திறக்கப் பார்த்தான். ஜிப்பைப் பிடிக்க விரல் வரலை. "எனக்கு ஒண்ணும் இல்லடா" என்று சொன்னதே குழறலா வந்தது. குளிர் உடம்புக்குள்ள இறங்குறதுக்கு அதுதான் அடையாளம், ஆனா அந்த ஆளே நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவான்.

உண்மையைச் சொல்றேன். "நீ இங்கேயே உக்காரு, பத்து நிமிஷத்துல கட்டிட்டு வந்துடுறேன்" என்று என் வாய் வரைக்கும் வந்துடுச்சு. வேண்டுதல் ஆச்சே.

அப்போ அந்த ஊர்க் கதை ஞாபகம் வந்தது. மாம்பழப் போட்டியில் கோவிச்சுக்கிட்டு மலையேறினார் என்பதோட நாம நிறுத்திடுவோம். கட்வால் மக்கள் இன்னும் ஒரு படி மேல போறாங்க. தோத்துத் திரும்பிய பிள்ளை, தன் சதையை அம்மாவுக்கும் எலும்பை அப்பாவுக்கும் கொடுத்துட்டாராம். அந்த எலும்புதான் இந்தக் கோயிலில் கல்லா இருக்குன்னு நம்புறாங்க. முதல்ல படிச்சப்போ, இவ்ளோ கோவமா என்று தோணுச்சு.

அந்த முகட்டுல வேற மாதிரி புரிஞ்சது. உலகத்தையே சுத்தி வந்தவருக்குக் கடைசியில் தன்னோடதுன்னு ஒண்ணும் இல்லை. உடம்புகூட அம்மா அப்பா கொடுத்தது. என் எதிர்ல நடுங்கிக்கிட்டு இருந்த உடம்பும் ஒரு அம்மாவோடதுதான். அன்னைக்குக் காலைல போன்ல "ரெண்டு பேரும் பாத்துப் போங்கப்பா"ன்னு சொன்னவங்க. அதை உறைய விட்டுட்டு நான் அடிக்கிற மணி முருகன் காதுல எப்படிக் கேட்கும்?

திரும்பிட்டோம். என் ஸ்வெட்டரை அவனுக்குப் போட்டு, அவன் கையை என் அக்குள்ல வெச்சு, முடியாத இடத்துல ரெண்டு பேரும் உக்காந்தே சறுக்கினோம். ஏறினதைவிட இறங்குறதுக்கு ரெண்டு மடங்கு நேரம். தாத்தா திட்டலை, அடுப்புக்குப் பக்கத்துல பெஞ்சை இழுத்துப் போட்டார். மூணாவது டீயில்தான் அவனுக்குப் பேச்சு நேரானது. முதல் வார்த்தை: "மணி கட்டிட்டியாடா?"

எனக்கு அழுகை வந்துடுச்சு.

மணியைத் தாத்தாகிட்ட கொடுத்தேன். பனி உருகினதும் கட்டுறேன்னார். மார்ச்சில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. அத்தனை மணிக்கு நடுவுல நம்ம மணி எதுன்னு ரெண்டு பேரும் பெரிசு பண்ணிப் பண்ணித் தேடினோம், தெரியலை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!