நூற்றியோராவது வருஷம்

அமெரிக்காவின் அரிஸோனா மாநிலம் 1980இல் நிலத்தடி நீர் நிர்வாகத்துக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. ஃபீனிக்ஸ், டூஸான் போன்ற நகரங்களைச் சுற்றிய பகுதிகளில் ஒருவன் தன் நிலத்தை ஆறு மனைகளாகவோ அதற்கு மேலோ பிரித்து விற்க வேண்டுமானால், அந்த மனைகளுக்கு நூறு வருஷத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அல்லது அப்படி நிரூபித்திருக்கும் ஒரு நகரத்தின் குழாயோடு தன்னை இணைத்துக்கொள்ள வேண்டும். பாலைவனத்தில் ஊர் கட்டி விற்கிற தொழிலுக்கு அங்கே இதுதான் தலைவாசல்.

இந்த நூறு என்ற இலக்கத்தைப் பற்றித்தான் நான் யோசிக்க விரும்புகிறேன். அதை நீர்வள நிபுணர்களிடம் விட்டுவிடலாமே என்று சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னும் பிறக்காதவர்களுக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம் என்பது பழைய கேள்வி. தத்துவம் அதற்கு முன்னால் தயங்கி நிற்கிறது. ஒரு சட்டசபை தயங்காமல் பதில் சொல்லியிருக்கிறது: நூறு வருஷம். பதில் சரியா தவறா என்பது பிறகு. இவ்வளவு ஸ்தூலமான பதில் வேறெங்கும் கிடைப்பது அரிது.

அங்கே விற்கப்படும் பொருளை முதலில் பார்க்க வேண்டும். ஃபீனிக்ஸுக்கு மேற்கே, பக்கை என்ற நகரின் எல்லைக்குள், டெராவாலிஸ் என்று ஒரு திட்டம். 37,000 ஏக்கர், ஒரு லட்சம் வீடுகள், மூன்று லட்சம் மக்கள். 2022இல் வேலை தொடங்கியது. முழுதாக முடியப் பல பத்தாண்டுகள் ஆகும். இதைக் குடியிருப்பு என்று அவர்கள் சொல்வதில்லை. சமூகம் என்கிறார்கள், முழுமையாகத் திட்டமிட்ட சமூகம். ஒரு ஆள்கூட வந்து சேருவதற்கு முன்பே அது சமூகமாகிவிடுகிறது. தெருக்கள், பூங்காக்கள், கடைகள் எல்லாம் வரைபடத்தில் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஊர்களில் கிரயப் பத்திரத்தோடு நிபந்தனைகளும் சேர்ந்து வரும்: சுவரின் நிறம், முன்புறத்துச் செடி, வாசலில் எந்த வண்டி நிற்கலாம் என்பது வரை. நிபந்தனைகள் ஆளைப் பற்றியவை அல்ல, நிலத்தைப் பற்றியவை. வீடு கை மாறினாலும் அவை கூடவே வரும். மாற்ற வேண்டுமானால் சொந்தக்காரர்களில் பெரும் பங்கினரைத் திரட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். வரப்போகிறவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயங்களை, வராதபோதே ஒருவன் பேசி முடித்துவிட்டுப் போய்விட்டான்.

சமூகம் என்ற சொல் இந்த உபயோகத்தில் என்ன ஆகிறது என்பதற்கு ஸன் ஸிட்டி நல்ல உதாரணம். டெல் வெப் என்ற கட்டுமானக்காரர் 1960 ஜனவரி முதல் தேதி ஃபீனிக்ஸுக்கு அருகே, பருத்தி விளைந்த நிலத்தில் அதைத் திறந்துவைத்தார். ஓய்வுபெற்றவர்களுக்கான ஊர். கோல்ஃப் மைதானம், பொழுதுபோக்குக் கூடம், கடைத்தெரு எல்லாம் வீடு விற்பதற்கு முன்பே தயார். பள்ளிக்கூடம் மட்டும் கிடையாது. அங்கே குடியேறியவர்கள், தாங்கள் அடங்கியிருந்த பள்ளி மாவட்டத்துக்குப் பணம் திரட்டும் தீர்மானங்களைத் திரும்பத் திரும்ப வாக்களித்துத் தோற்கடித்தார்கள். கடைசியில் 1974இல் அந்த மாவட்டத்திலிருந்தே ஸன் ஸிட்டி பிரிக்கப்பட்டது. அவர்களைக் குற்றம் சொல்வது சுலபம். எங்கெங்கோ வேலை செய்து, எங்கெங்கோ பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட்டு வந்தவர்கள். ஆனால் தனக்குப் பின் வருகிற யாருக்கும் கடன்பட்டிராத ஒரு கூட்டத்தைச் சமூகம் என்று அழைக்கலாமா? எனக்கு அந்தச் சொல் அங்கே ஒட்டவில்லை. பின்னால் வருகிறவன் நம்மைக் கேள்வி கேட்கும் உரிமையோடு வருகிறான் என்ற உணர்வுதான் ஒரு கூட்டத்தை ஊராக்குகிறது என்று நினைக்கிறேன்.

காலி இடத்தில்தானே கட்டுகிறார்கள், யாருடைய குடி கெட்டது என்று ஒரு வாதம் உண்டு. பாலைவனம் காலி என்ற எண்ணம் அமெரிக்க மனை வியாபாரிக்கு மட்டும் உரியதல்ல. நம் திணை இலக்கணமும் பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரத்தின் பார்வை. நமக்கு அது ஒரு இழப்பின் பெயர். அவர்களுக்கு ஒரு முதலீட்டின் பெயர். இரண்டு பேரும் அதை ஓர் இடமாகப் பார்க்கவில்லை. ஸொனோரா பாலைவனமோ தன்னளவில் நிறைந்த இடம். அங்கு வளரும் ஸவாரோ என்ற கள்ளி முதல் கிளை விடவே ஐம்பது, எழுபத்தைந்து வருஷம் எடுத்துக்கொள்ளும். 150 வருஷத்துக்கு மேலும் வாழும். சட்டத்தின் நூறு வருஷம் அதன் ஆயுளுக்குள் அடங்கிவிடுகிறது.

மனிதர்களும் இருந்தார்கள். ஸால்ட் நதியிலிருந்து ஹோஹோகம் மக்கள் நூற்றுக்கணக்கான மைல் வாய்க்கால் வெட்டி, பல நூற்றாண்டுகள் விவசாயம் செய்தார்கள். சுமார் 1450வாக்கில் அந்த வாய்க்கால்கள் கைவிடப்பட்டன. 1867இல் வந்த வெள்ளைக் குடியேறிகள் அதே வாய்க்கால்களின் தடத்தைத் தூர்வாரித்தான் தங்கள் விவசாயத்தைத் தொடங்கினார்கள். சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரை ஊருக்கு வைத்ததே பழைய இடிபாடுகளைப் பார்த்துத்தான். ஹோஹோகம் மக்களைத் தங்கள் முன்னோர்களாகக் கருதும் அகிமெல் ஓஓதம் மக்கள் ஹீலா நதிக்கரையில் கோதுமை பயிரிட்டு, வழிப்போக்கர்களுக்கும் ராணுவத்துக்கும் விற்றவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நதியின் மேற்பகுதியில் குடியேறியவர்கள் நீரைத் திருப்பிக்கொண்டார்கள். கீழே பஞ்சம் வந்தது. 2004இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம்தான் அவர்களுக்கு வருஷத்துக்கு 6,53,500 ஏக்கர் அடி தண்ணீரை உறுதி செய்தது. ஏக்கர் அடி என்பது ஒரு ஏக்கர் பரப்பில் ஓரடி உயரம் நிற்கும் நீர். வரைபடம் போடுகிறவன் காலி என்று எழுதிய இடத்தில் கணக்கு பாக்கி இருந்தது. அதைத் தீர்க்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

இப்போது நூறுக்குத் திரும்புகிறேன். வீட்டுக் கடன் முப்பது வருஷம். மனை விற்கிறவனின் அக்கறை கடைசி மனை விற்கும் வரை. அரசியல்வாதிக்கு நாலு வருஷம். இவர்களுக்கு நடுவே நூறு என்று சொன்ன சட்டம் பெருந்தன்மையானது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நூறு எப்படிக் கணக்கிடப்படுகிறது? ஃபீனிக்ஸ் பகுதியில், நூறு வருஷம் இறைத்த பிறகும் நீர்மட்டம் தரைக்குக் கீழே ஆயிரம் அடிக்கு இறங்காமல் இருந்தால் போதும். அதாவது நீர் குறையும் என்பது கணக்குக்குள்ளேயே இருக்கிறது. பல ஆயிரம் வருஷங்களாக மண்ணுக்கடியில் சேர்ந்ததை எவ்வளவு வேகமாகச் செலவழிக்கலாம் என்பதுதான் கேள்வி. வாக்குறுதி என்ற உருவத்தில் ஒரு செலவுத் திட்டம்.

வாக்குக் கொடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். கொடுத்தவன் தவறினால் மற்றவன் வந்து கேட்க வேண்டும். நூற்றியோராவது வருஷத்தில் குழாயைத் திறப்பவன் யாரிடம் போய்க் கேட்பான்? கொடுத்தவன் இல்லை. வாங்கியவன் இல்லை. அவனுக்கு வாக்குத் தரப்படவும் இல்லை. சான்றிதழ் அவனைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. நூறை ஆயிரமாக்கினாலும் ஆயிரத்தோராவது வருஷத்துக்காரனின் நிலைமை இதுதான். சேமிப்பிலிருந்து எடுக்கிற எந்தக் கணக்குக்கும் ஒரு கடைசித் தேதி இருந்தே தீரும். வருஷா வருஷம் வந்து சேர்வதற்குள் வாழ்கிற கணக்குக்கு மட்டும்தான் அது இல்லை.

அந்த வரத்தும் நிச்சயமில்லை என்பது வேறு விஷயம். கொலராடோ நதியின் நீரை 336 மைல் கால்வாயில் ஏற்றி அரிஸோனாவின் நடுப்பகுதிக்குக் கொண்டுவருகிறார்கள். 2021இல் மத்திய அரசு அந்த நதியில் முதன்முறையாகப் பற்றாக்குறையை அறிவித்தது. மறுவருஷம் அரிஸோனாவின் பங்கு வெட்டப்பட்டது. 2023 ஜூனில் மாநிலம் வெளியிட்ட நிலத்தடி நீர்க் கணக்கு, ஃபீனிக்ஸ் பகுதியில் நூறு வருஷத்தில் 48 லட்சம் ஏக்கர் அடிக்கும் மேல் குறையும் என்றது. மொத்தத் தேவையில் நாலு சதவிகிதம்தான். ஆனாலும் நிலத்தடி நீரை மட்டும் நம்பிய புதிய மனைகளுக்குச் சான்றிதழ் தருவது நிறுத்தப்பட்டது. முன்பே சான்றிதழ் பெற்றவை தொடர்ந்தன. இந்த இடத்தில் அந்த இலக்கத்துக்கு நான் தலைவணங்க வேண்டும். செலவுத் திட்டமாக இருந்தாலும், எழுதி வைத்திருந்ததால்தான் ஒருநாள் போதும் என்று சொல்ல முடிந்தது. எண் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை அதே வருஷம் ஜனவரியில் ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் காட்டியது. நிலத்தை ஐந்துக்கு மேல் பிரிக்காமல் சட்டத்தைத் தாண்டிக் கட்டப்பட்ட வீடுகள் அங்கே ஏராளம். லாரித் தண்ணீரை நம்பியிருந்த நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு, பக்கத்து நகரமான ஸ்காட்ஸ்டேல் தண்ணீர் தருவதை நிறுத்திவிட்டது. திட்டமே இல்லாத வீடு, திட்டமிட்ட ஊரைவிட ஒழுக்கமானது என்று சொல்ல என்னால் முடியாது.

வீடு வேண்டும் என்று வருகிறவனை மறந்துவிடவும் முடியாது. நகரத்தின் நடுவில் வாங்க முடியாதவன்தான் பாலைவனத்தின் ஓரத்துக்குப் போகிறான். இன்றைக்கு இருக்கிறவனின் கூரையையும் நாளைக்கு வருகிறவனின் தண்ணீரையும் ஒரே தராசில் வைத்தால் கூரைதான் எப்போதும் கனக்கும். கூரை கேட்பவனுக்கு வாய் இருக்கிறது. 2025இல் அரிஸோனா, வயல்களுக்குப் பாய்கிற நிலத்தடி நீரை விவசாயத்தைக் கைவிட்டு வீடுகளுக்கு மாற்ற வழிசெய்யும் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. வீடு வயலைவிடக் குறைவாகக் குடிக்கும் என்பது அதன் நியாயம். அது உண்மைதான். ஆனால் வறட்சி வருஷத்தில் வயலைத் தரிசாகப் போடலாம். வீட்டைப் போட முடியாது.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். பின்னால் வருகிறவனுக்கு நாம் தண்ணீர் மட்டும் கடன்படவில்லை. குறைத்துக்கொள்ளவும், மாற்றிக்கொள்ளவும், இது போதும் என்று சொல்லவும் அவனுக்கு இடம் வைத்துவிட்டுப் போகக் கடமைப்பட்டிருக்கிறோம். ஊர் என்பது சுருங்கத் தெரிந்தது. முதல் நாளே முடிந்துவிட்ட திட்டத்துக்குச் சுருங்கத் தெரியாது. ஒரு லட்சம் வீடு என்றால் ஒரு லட்சம் வீடு. சுவரின் நிறத்தைத் தீர்மானித்த அதே கைதான் நீர்மட்டத்தையும் தீர்மானிக்கிறது. இரண்டிலும் பறிபோவது வரப்போகிறவனின் தீர்மானம்.

சான்றிதழில் ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தால், நூறை இருநூறாக்கச் சொல்ல மாட்டேன். ஐம்பதாவது வருஷத்தில் அங்கே இருப்பவர்கள், மீதி வீடுகளைக் கட்டுவதா வேண்டாமா என்று கூடிப் பேசித் தீர்மானிக்கலாம் என்று எழுதச் சொல்வேன். மனை விற்பவர்கள் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொண்டால், அவர்கள் விற்பதைச் சமூகம் என்று அழைப்பதில் எனக்கு ஆட்சேபணை இருக்காது.